ஆயுத பூஜையில் எரிந்த நீல விளக்கு

மனு விசாரணையில் எழுதப்பட்ட சாட்சி வாக்குமூலம்

பெயர்: தமிழ்செல்வி. வயது: 41. கணவர் பெயர்: குருமூர்த்தி. தொழில்: பிளவுஸ், சுடிதார் தைத்தல். முகவரி: கோகுலம் நகர் இரண்டாவது குறுக்குத் தெரு, ஓசூர். சொந்த ஊர்: தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் மாமியார் சரோஜம்மாளுடனும் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் கணவர் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டி சாந்த் பாஷா என்பவரின் மிளகாய், மாவு மில் உள்ளது. நாங்கள் வீடு கட்டுவதற்கு முன்பே அந்த மில் அங்கே இருந்தது. மில் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த மனை எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனு கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. மனு கொடுத்தவர் என் கணவரின் தம்பி விமல்ராஜ். சாந்த் பாஷாவின் மில்லிலிருந்து வந்த மிளகாய்த் தூசியால் எங்கள் குடும்பத்தார் கண்கள் பாதிக்கப்பட்டன, ஆகவே மில்லை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்பது அவர் மனு. அந்த மனு சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அய்யா வரிசையாகச் சொல்லச் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

மகள் விடுதிக்குப் போன பிறகு என் கணவர் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்தார். சாதாரண மீன் தொட்டி இல்லை. உப்புக் கரைத்த தண்ணீர், உயிருள்ள பவளம், ஆரஞ்சு மீன், மஞ்சள் மீன் என்று வைத்திருக்கிறார். அதற்கு மோட்டார், தண்ணீரைக் குளிர வைக்கும் மிஷின், நுரை எடுக்கும் மிஷின் என்று தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி முழுக்க சாமான் இருக்கிறது. எங்களுக்கு ஃபேன் ஓடாவிட்டாலும் அதற்குக் கரண்ட் நிற்கக் கூடாது, அதற்குத் தனி இன்வெர்ட்டர். போன கோடையில் மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்து இரண்டு மூன்று செத்துப்போயின. அதன்பின் அவர் யூவி என்று ஒரு சாதனம் வாங்கி மாட்டினார். கறுப்புக் குழாய் ஒன்று, அதற்குள் ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும், அந்த வெளிச்சம் தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் என்று எனக்குச் சொன்னார். விளக்கு எரிவது வெளியே தெரியாது. குழாயின் ஓரத்தில் ஒரு பொட்டு அளவு நீலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

என் கணவர் வேலை செய்யும் இடத்தில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மிஷினையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தீபாராதனை காட்டும்போது ஓடவிடுவார்கள். நின்றுபோன மிஷினுக்குக் கற்பூரம் காட்டக் கூடாது என்பது அங்கே உள்ளவர்கள் வழக்கம். மற்ற இடங்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. வீட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார். மிக்சியாக இருந்தாலும் ஒரு சுற்று சுற்றவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவார். என் தையல் மிஷினுக்கும் நான் வெறும் ஊசியை ஓட்டிக் காட்ட வேண்டும். இத்தனை வருடமாக நடப்பதால் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜை அன்று காலையில் அவர் தொட்டிச் சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் துடைத்துப் பூஜை இடத்தில் வரிசையாக வைத்தார். அந்த யூவி விளக்கையும் கறுப்புக் குழாயிலிருந்து உருவி, துணியால் துடைத்து, அடியில் பொட்டு வைத்து, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பூவுக்கு நடுவில் நிறுத்தினார். அதன்பின் வயரைச் சொருகி எரியவிட்டார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். "செல்வி, இங்க வந்து பாரு, சாமி படத்துக்கு எவ்ளோ அழகா இருக்குது" என்று கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். நீலமாக, குளிர்ச்சியாக, நன்றாகத்தான் இருந்தது. "கடுகு கருகிடும், அப்புறம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்போது பூஜை இடத்தில் இருந்தவர்கள் என் கணவர், என் மாமியார், விமல்ராஜ், ஆனேக்கல்லைச் சேர்ந்த அவர் மனைவி கவிப்ரியா, அவர்களுடைய நான்கு வயதுப் பெண் குழந்தை ஆகியோர். சாந்த் பாஷாவின் மகள் நாஸியாவும் இருந்தாள். அவளுக்கு நான் தைத்து வைத்திருந்த சுடிதாரை வாங்கிப் போக வந்தவளை, பொரி வாங்கிக்கொண்டு போ என்று நான்தான் உட்கார வைத்தேன். விமல்ராஜின் குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கணவர் நிதானமாகப் பூஜை செய்வார். அதன்பின் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து பொரி, சுண்டல் சாப்பிட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. விமல்ராஜ் அதன் பக்கத்தில் முகத்தை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நான் கற்பூரம் தொட்டுக்கொள்ள மட்டும் வந்து போனேன். யாருக்கும் அப்போது ஒரு தொந்தரவும் இல்லை.

அன்று சாயங்காலம் முதலில் கவிப்ரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா, கண்ணு உரீதாயிதே" என்று அழ ஆரம்பித்தாள். அவளுக்கு வலி வந்தால் கன்னடம்தான் வரும். கண் எரிகிறது என்று அர்த்தம். அதன்பின் விமல்ராஜுக்கு, அதன்பின் என் கணவருக்கு. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல இருக்கிறது, வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை என்றார்கள். முகமும் சிவந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றது. எனக்கும் என் மாமியாருக்கும் மட்டும் கண்ணில் ஒன்றும் இல்லை. நானாவது அடுப்படியில் இருந்தேன். என் மாமியார் எல்லோருக்கும் முன்னால் பலகை போட்டு விளக்குக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

விமல்ராஜ் கண்ணைப் பொத்திக்கொண்டே, "எல்லாம் அந்த மில்லு வேலைதான் அண்ணி. மிளகாத் தூளு. காலையில அரைச்சான் இல்ல?" என்றார். சாந்த் பாஷா அன்று காலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு மிளகாய் அரைத்தது உண்மை. ஆனால் மதியத்துக்கு முன்பே மில்லை நிறுத்தி, அவரிடம் வேலை செய்யும் மணிவேலை விட்டு மிஷினுக்கு மாலை போடவைத்து, எங்கள் வீட்டுக்கும் பொரி கொடுத்து அனுப்பினார். "மில்லு நின்னு எந்நேரமாச்சு, இப்ப எங்கிருந்து தூளு வரும்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எரியல, நீங்க பேசுவீங்க" என்றார். விமல்ராஜ் அந்த மில்லுக்குப் பின்னால் வாடகைக்கு விட இரண்டு வீடு கட்டியிருக்கிறார். மிளகாய் நெடி என்று சொல்லி ஆள் வருவதில்லை. இதை நான் அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தை அழுததைப் பார்த்து அவர் நிஜமாகவே கோபப்பட்டார். அந்தக் கோபம் போக ஒரு வழி ஏற்கெனவே இருந்தது, அதில் போய்விட்டது.

மறுநாள் காலை எல்லோரையும் ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் ஒவ்வொருவர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க எல்லாரும் வெல்டிங் நடக்கிற இடத்துல நின்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். விமல்ராஜ், "இல்ல சார், மிளகாப்பொடி" என்றார். டாக்டர், மிளகாய் என்றால் விழுந்த உடனே எரியும், மறுபடியும் யோசித்துச் சொல்லுங்கள், வெல்டிங் மாதிரி ஏதாவது வெளிச்சம் பார்த்தீர்களா என்றார். என் கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "அப்படி எதுவும் இல்லீங்க சார்" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும், பார்வைக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அதன்பின் விமல்ராஜ் மனு கொடுத்தார். தெருவில் உள்ளவர்களும் மில் முன்னால் கூடினார்கள். இத்தனை வருடம் அங்கே மிளகாயும் ராகியும் அரைத்துத் தின்றவர்கள், அன்று ஒவ்வொருவருக்கும் மூக்கு எரிந்தது, நெஞ்சு எரிந்தது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பொரியில் கூட எதையோ கலந்து கொடுத்தான் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பொரியைத் தின்ற நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியும், அய்யா கேட்டால் சொல்கிறேன்.

சாந்த் பாஷா யாருக்கும் பணிந்து போகிறவர் இல்லை. அரைப்பில் கால் கிலோ குறைகிறது என்று சொன்னவரை, தராசைத் தூக்கி நடுத்தெருவில் வைத்து எடை போட்டுக் காட்டியவர். அப்படிப்பட்டவர் அன்று எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்து கைகூப்பி, "தப்பு என்னுதுதான் சார். தூசி பிடிக்கிற பை கிழிஞ்சிருந்துச்சு. கவனிக்காம ஓட்டிட்டேன். மன்னிச்சிருங்க" என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சரிங்க பாய், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் தெருப் பெரியவர்கள் பேசி, சாந்த் பாஷா மில்லை மூடிக்கொண்டு இடத்தைக் காலி செய்வதாக நிலையத்தில் எழுதிக்கொடுப்பது என்று முடிவானது. அவரும் ஒத்துக்கொண்டார். எழுதிக்கொடுக்க வேண்டிய நாள் இன்று. அவர் இப்போது எழுத்தர் மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று மதியம் நான் என் தையல் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது, என் கணவர் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து அந்த விளக்கை மறுபடி கறுப்புக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தார். சுவிட்ச் போடப் போகும்போது நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "ஏய், திரும்பிக்கோ, அதைப் பாக்காத" என்று சத்தம் போட்டார். நான் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்தேன். பூஜையன்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிய விளக்கை இன்று பார்க்காதே என்கிறாரே என்று நினைத்தேன். டாக்டர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. அதன்பின் சொன்னார். அந்த வெளிச்சம் வெல்டிங் வெளிச்சம் போலத்தான் கண்ணைச் சுடும், பார்க்கும்போது வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தெரியும், கண்ணாடி அதை ஓரளவு தடுத்துவிடும், அம்மா மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால்தான் தப்பித்தார், டாக்டர் கேட்டவுடனே தனக்குப் புரிந்துவிட்டது என்றார். குழாய்க்கு வெளியே அதை எரியவிடக் கூடாது என்பதும் அவருக்கு முன்பே தெரியும். பூஜைதானே, கொஞ்ச நேரம்தானே என்று நினைத்துவிட்டாராம்.

"அப்ப ஏங்க வாயத் தொறக்கல?" என்றேன். அதற்கு அவர், "கம்பெனில சேஃப்டி வகுப்பு எடுக்கறவன்டி நான். கண்ணாடி போடாம வெல்டிங் பக்கம் போனா வெளிய அனுப்பற ஆளு. நானே வீட்ல புள்ளைக்கு முன்னால இதை ஏத்தி வெச்சேன்னு தெரிஞ்சா கேட்ல இருந்து கேன்டீன் வரைக்கும் சிரிப்பானுங்க. தம்பி மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பயந்து ஒரு மனுசன் பொழப்புல மண்ணப் போடுவீங்களா?" என்றேன்.

"பாய்தான் தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாரே. நாம என்னா அடிச்சா ஒத்துக்க வெச்சோம்?" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன். சாப்பிடாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக சாந்த் பாஷா வீட்டுக்குப் போனேன். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன்.

அவர் மனைவி பேகம் அக்கா கதவைப் பாதி திறந்து, "எல்லாம் ஒத்துக்கிட்டாரே செல்வி, இன்னும் என்னா கேக்க வந்தே?" என்றார். நான் உள்ளே போனேன், சாந்த் பாஷா வீட்டில் இல்லை. ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். நாஸியா சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். எரிச்சல் குறைந்துவிட்டது, ஆனால் கண் இமையெல்லாம் இன்னும் வீங்கியிருந்தது. பூஜையன்று சாயங்காலமே அவளுக்கும் எரிய ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. ஊரே மில்லைச் சொல்லும்போது, சொந்த மகளுக்கே கண் போய்விட்டது என்று தெரிந்தால் இன்னும் என்ன சொல்வார்களோ என்று பயந்து, வெள்ளரிக்காயை வெட்டி வைத்து வீட்டிலேயே படுக்க வைத்திருந்தார்கள்.

பேகம் அக்கா சொன்னார்: "ஊரு சொன்னதுக்கெல்லாம் அவரு மசியல செல்வி. இவ கண்ணைப் பாத்தாரு. அன்னிக்கே போயி மில்லுக்குப் பூட்டுப் போட்டுட்டாரு. என் மிஷினு என் புள்ள கண்ணைப் பொசுக்கிடுச்சு, இனிமே அதைத் தொட மாட்டேன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதாரு."

நான் நாஸியா பக்கத்தில் உட்கார்ந்து, அன்று எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். "பாப்பா அந்த நீல லைட்டைத் தொடப் போச்சு அக்கா. மடியில புடிச்சி வெச்சிக்கிட்டு லைட்டைக் காட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை உட்கார வைத்தது நான். நடந்ததை அவர்கள் இருவருக்கும் சொன்னேன். பேகம் அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இதை அவருகிட்ட யாரு சொல்றது? நாம சொன்னா, தன்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றோம்பாரு" என்றார். நாஸியாவை அப்போதே ஆட்டோ வைத்து அதே டாக்டரிடம் கூட்டிப் போய், விளக்கு என்று உள்ளதைச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, கண்ணுக்கு ஆபத்தில்லை, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று கோபித்துக்கொண்டார்.

அதன்பின் வீட்டுக்கு வந்து, விமல்ராஜையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். விமல்ராஜ், "மனுவ எப்படி அண்ணி திரும்ப வாங்கறது? ஊருக்கு முன்னால என் மூஞ்சி என்னாவுறது?" என்றார். என் மாமியார், புருஷன் தலையில் மண் வாரிப் போடப் போகிறாயா, ஸ்டேஷன் படி ஏறினால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார். என் கணவர் மீனுக்குத் தீனி போட எழுந்து போனார். நான் வாயாடி என்று அந்த வீட்டில் எப்போதும் சொல்வார்கள். பேசத் தெரிந்தவள் இதற்குப் பேசாமல் வேறு எதற்குப் பேசுவது?

இன்று காலை நான் கிளம்பியபோது என் கணவரும் பின்னாலேயே வண்டியில் வந்தார். தடுக்கத்தான் வந்தாரோ, துணைக்கு வந்தாரோ எனக்குத் தெரியாது. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர் இல்லை என்று சொன்னாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்த விளக்கைக் கொண்டுவந்து காட்டவும், ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்கவும் சம்மதிக்கிறேன்.

நான் நேரில் சொன்னால் தேற்றச் சொல்வதாக நினைப்பார் என்பதால், சாந்த் பாஷா கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இந்த வாக்குமூலத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மில்லைத் திறப்பதும் மூடுவதும் அவர் விருப்பம். மகளின் கண்ணைச் சுட்டது அவருடைய மிஷின் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் இங்கே சொன்னவை எல்லாம் நானே பார்த்தவை, என் காதால் கேட்டவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இப்படிச் சொல்லும்படி என்னை யாரும் மிரட்டவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் மிரட்டினார்கள்.

(ஒப்பம்) கு. தமிழ்செல்வி